நிகழ்நிலை ஆசிரியர் பயிற்சி: கொழும்புத் தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடிப் பேசுவது வழக்கம். தொழினுட்பத்தோடு கற்பிப்பது எப்படி என்பதை ஒன்லைனில் படிக்க விரும்புபவர்களும், படிக்கத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டவர்களும் அங்கே வருவார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் எடுப்பவள். உதாரணங்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் மன்னிக்கவும்.

இந்தப் பயிற்சிகளில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எந்த பட்டனை அழுத்துவது என்றா?

மோசமான பயிற்சி என்றால் அதைத்தான் சொல்லித் தரும். ஸூம் திறப்பது, கூகுள் போமில் நிகழ்நிலைக் கேள்வித்தாள் செய்வது, ஸ்லைட்டில் படம் ஒட்டுவது என்று மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். அடுத்த வருடம் அந்த பட்டன் வேறு மூலைக்குப் போயிருக்கும்.

நல்ல பயிற்சி வேறொரு கேள்வியில் தொடங்கும்: இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, அதைப் பிள்ளைக்குப் புரிய வைக்கும் வழியை அறிந்திருப்பது இன்னொன்று என்று 1986 இல் லீ ஷுல்மன் எழுதினார். 2006 இல் புன்யா மிஸ்ராவும் மத்தியூ கோலரும் அவற்றோடு தொழினுட்ப அறிவையும் சேர்த்து, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்றார்கள். ஆசிரியர்களுக்கான பாடநெறிகளில் அடிக்கடி காட்டப்படும் மூன்று வட்டங்கள் இவைதான்.

யுனெஸ்கோ 2018 இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர் தொழினுட்பத் தேர்ச்சிச் சட்டகத்தில் 6 பகுதிகளும் 18 தேர்ச்சிகளும் உண்டு. கருவிகளைக் கையாளும் திறன் அந்த ஆறில் ஒன்று மட்டுமே. கலைத்திட்டமும் மதிப்பீடும், கற்பித்தல் முறை, வகுப்பறை ஒழுங்கமைப்பு முதலியவை மற்றப் பகுதிகளில் வரும். "எனக்குக் கம்பியூட்டர் ஓடாது மிஸ்" என்று ஒதுங்கி நிற்கும் ஆசிரியரிடம் மிச்சம் ஐந்தில் பாதியாவது ஏற்கனவே இருக்கும்.

எங்கே தொடங்குவது?

பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாட உள்ளடக்கம் இருக்கிறது. அங்குள்ள ஒரு பாடத்தை எடுத்து, உங்கள் வகுப்புக்கு அது ஏன் போதும், ஏன் போதாது என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாலே அது நல்ல பயிற்சிதான். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என 4 கல்வி வலயங்கள் உள்ளன. உங்கள் வலயத்தின் கணினி வள நிலையத்தையும் பாட ஆசிரிய ஆலோசகரையும் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்ற பதில் வந்த இடத்திலேயே நேரில் போனபோது அறிவித்தல் பலகையில் விண்ணப்பம் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகமும் முறையான, நீண்ட பாடநெறிகளுக்கான இடங்கள். ஆசிரியர் தொழினுட்பம் பற்றிய சிறிய பாடநெறிகள் கோர்செரா, எடெக்ஸ், பியூச்சர்லேர்ன் போன்ற வெளிநாட்டுத் தளங்களில் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

ஆங்கிலம் எனக்குத் தடுமாற்றம். தமிழில் கிடைக்காதா?

கொஞ்சம் கிடைக்கும். அதில் ஒரு பகுதி இந்தியத் தமிழ். அது தவறில்லை, ஆனால் கலைச்சொல்லில் கவனம் வேண்டும். நாம் கதி என்று சொல்வதை அவர்கள் வேகம் என்பார்கள். நமக்கு வேகம் என்றால் திசையோடு கூடியது, அவர்களுக்கு அது திசைவேகம். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். அமுக்கம் அங்கே அழுத்தம். அந்த வீடியோவை அப்படியே வகுப்பில் போட்டால் சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை "வேகம்" என்ற சொல்லைப் பார்த்துத் திசையை விட்டுவிடுவான். நீங்கள் பார்த்துப் படிக்கலாம். பிள்ளைகளுக்குப் போடுவதாக இருந்தால் முதலில் பலகையில் இரண்டு நிரலில் சொற்களை எழுதிவிட்டுப் போடுங்கள்.

ஆங்கிலப் பாடநெறியைத் தனியாகப் படிக்க வேண்டாம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைப் படித்தோம். ஆங்கிலம் நன்றாக வரும் ஒருவர் வார வீடியோவைப் பார்த்து, சாரத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவாகத் தமிழில் போடுவார். மற்ற மூவரும் அதைக் கேட்டபின் வீடியோவுக்குப் போவோம். முதலே விஷயம் தெரிந்திருந்தால் ஆங்கில வசனம் பாதி புரியும்.

மடிக்கணினி இல்லை. போன் மட்டும்தான்.

படிக்கப் போன் போதும். ஒப்படை எழுதுவதுதான் கஷ்டம். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் "தமிழ் (இலங்கை)" என்பதைத் தெரிவுசெய்து குரலால் தட்டச்சு செய்யுங்கள். நம் உச்சரிப்பை ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. பிறகு திருத்தினால் போதும். விரிதாள், ஸ்லைட் போன்ற வேலைகளுக்கு மட்டும் பாடசாலைக் கணினி அறையில் ஓர் ஓய்வுப் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள்.

டேட்டா விழுங்கிவிடுமே?

விழுங்கும். கமரா திறந்த ஸூம் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட்டை நெருங்கலாம். கமராவை மூடி, மற்றவர்களின் காணொளியையும் நிறுத்தினால் நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். யூரியூப் காணொளியின் தரத்தை 360p இல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட்.

நேரடி வகுப்பும் பதிவு வகுப்பும் தெரிவாக இருந்தால் பதிவையே எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம்வரை போன நாட்களில் நேரடி வகுப்பைத் தெரிவுசெய்தவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து முடித்தார்கள்.

சேர்கிறேன், ஆனால் முடிக்க முடிவதில்லை. என்னில்தான் பிழையா?

உலகம் முழுக்க இதே கதைதான். ஹார்வர்ட், எம்ஐடி பல்கலைக்கழகங்களின் திறந்த நிகழ்நிலைப் பாடநெறிகளை ஆராய்ந்து 2019 இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த கட்டுரையின்படி, 2017-18 இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் அளவுதான். கட்டணம் கட்டிச் சான்றிதழுக்காகப் பதிந்தவர்களில் மட்டும் 46 பேர். மொத்தமாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பாடநெறியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காசு கட்டினால் முடிப்போம் என்று இதற்கு அர்த்தம் பண்ண வேண்டாம். முடிக்க நினைத்தவர்கள்தான் காசு கட்டியிருப்பார்கள். எங்கள் அனுபவத்தில் ஆளை இழுத்துப் பிடிப்பது இன்னொரு ஆள். "இந்தக் கிழமை பார்த்தீர்களா மிஸ்?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டால் வெட்கத்துக்காவது பார்ப்போம்.

இன்னொன்று: முடிக்காமலே விடுவது சில நேரம் சரியான முடிவு. ஆறு வாரப் பாடநெறியில் இரண்டாம் வாரம்தான் உங்களுக்குத் தேவை என்றால் அதை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரத்துக்கு 3 மணி நேரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடும், பிறகு ரியூஷன், வீடு, சமையல், மறுநாள் பாடத்திட்டம். இரவு பத்துக்கு மேல் படித்தது எதுவும் தலையில் நின்றதில்லை. காலை பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டதுதான் நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, 138 இல் ஏறி மகரகம போய்ச் சேர்வதற்குள் ஒரு வார வீடியோ முடிந்துவிடும்!

நான் செய்த கேள்வித்தாள் பிள்ளைகளின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. ஏன்?

பாமினி. எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் தின்ற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாமினி எழுத்துருவில் நீங்கள் தட்டுவது கணினிக்குத் தமிழே இல்லை. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் வடிவம் பூசப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளிதான் விசை. உங்கள் கணினியில் பாமினி இருக்கும்வரை பூச்சு தெரியும். பிள்ளையின் போனில் பாமினி இல்லை, பூச்சு உரிந்துவிடும். யுனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. எந்தப் போனில் திறந்தாலும் அது தமிழாகவே இருக்கும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நான் அனுப்பிய முதல் கூகுள் போம் முழுக்கப் பாமினி. ஒரு பையன் குரல் பதிவு அனுப்பினான்: "மிஸ், இது எந்தப் பாஷை?" இருபத்தைந்து கேள்வியையும் இரவோடிரவாக மறுபடி தட்டினேன். மாற்றித் தரும் இலவசத் தளங்கள் இருப்பது அப்போது தெரியாது.

அந்த மாற்றிகளைப் பயன்படுத்தும்போது இரண்டு விஷயத்தில் கவனம். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். விஞ்ஞானக் குறியீடுகளும் அலகுகளும் இப்படித்தான் கெட்டுப்போகும். ஆகவே அவற்றை முதலில் வெட்டி வைத்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். பிடிஎப் ஆக்கி அனுப்பினால் தோற்றம் தப்பும்தான், ஆனால் பிள்ளை அதற்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. பார்வை குறைந்த பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் செயலியும் அதை வாசிக்காது. பழைய பாமினிக் கோப்புகளை ஒரு விடுமுறையில் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒரு முறை படும் சிரமம்.

படித்ததை வகுப்பில் பயன்படுத்துவது எப்படி இருக்கும்? ஓர் உதாரணம்?

தரம் 10, மின்சுற்று. இரண்டு ஒரே மாதிரியான மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது அதிகம் ஒளிரும்? ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் முதலாவதுதான் என்பார்கள். "முதல் பல்ப் கரண்டைக் குடிச்சிரும் மிஸ்." இதுதான் அவர்கள் தடுக்கி விழும் இடம்.

கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தும் பெட் (PhET) என்ற திட்டத்தில் இதற்கு அருமையான ஓர் ஊடாடு மாதிரி இருக்கிறது. மின்கலம், கம்பி, மின்குமிழ், ஆளி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்று அமைக்கலாம். இலவசம். தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சில மாதிரிகள் தமிழிலும் உண்டு.

முதல் வருடம் புரொஜெக்டரில் போட்டு நாற்பது நிமிடம் நானே ஓட்டிக் காட்டினேன். பிள்ளைகள் படம் பார்ப்பது போல் பார்த்தார்கள். தவணைப் பரீட்சையில் அதே பிழை. தொழினுட்பம் இருந்தது, கற்பித்தல் மாறவில்லை.

பிறகு ஒரு பாடநெறியின் மூன்றாம் வாரத்தில் "முன்கூறு, நோக்கு, விளக்கு" என்ற முறை வந்தது. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1992 இல் விரிவாக எழுதிப் பரப்பியது. அடுத்த வருடம் ஒன்றை மட்டும் மாற்றினேன். ஆளியை மூடுவதற்கு முன் நிறுத்தினேன். எது அதிகம் ஒளிரும் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும், ஏன் என்று ஒரு வரியும் வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடலாம். அதற்குப் பிறகுதான் ஆளி.

இரண்டும் ஒரே அளவு ஒளிர்ந்தன. வகுப்பு ஒரு கணம் அமைதி. பின்வாங்கில் ஒருத்தி, "மிஸ், பட்டரியை மாத்திப் போட்டுப் பாருங்க" என்றாள். மாற்றினேன். அப்போதும் ஒன்றுதான். அன்றைக்குப் பாடத்தை நான் விளக்கவில்லை, அவர்களே சண்டை பிடித்து விளக்கிக்கொண்டார்கள். அந்தப் பாடநெறியில் எனக்குக் கிடைத்த பயன் இந்த இரண்டு நிமிடங்கள்தான். மிச்ச ஐந்து வாரங்களில் என்ன சொன்னார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது.

வகுப்பில் புரொஜெக்டர் இல்லை. ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது, அறை பூட்டிக் கிடக்கிறது.

சாவி யாரிடம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதுவரை ஒரு போன், ஆறு பிள்ளைகள், ஒரு மேசை என்று சுழற்சியில் நடத்தலாம். மேலே சொன்ன பாடத்தை இரண்டு மின்குமிழும் ஓர் உலர் மின்கலமும் வைத்தும் செய்யலாம். முன்கூறச் சொல்லும் பகுதிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

ஸூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறதே?

இலவசக் கணக்கின் எல்லை அது. நம் பாடவேளையும் 40 நிமிடம்தானே.

சம்பள ஏற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் இந்தச் சான்றிதழ்கள் செல்லுமா?

வெளிநாட்டுத் தளத்தின் சான்றிதழ் தானாகவே செல்லும் என்று நம்பிக் காசு கட்ட வேண்டாம். இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பும் அதையொட்டிய சுற்றறிக்கைகளும் எதை ஏற்கின்றனவோ அதுதான் கணக்கு. பணம் கட்டுவதற்கு முன், பாடநெறியின் பெயர், நடத்தும் நிறுவனம், மணித்தியாலம் மூன்றையும் எழுதி, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி முழுத் தவணையும் படித்து, கோப்பில் வைக்கக்கூட முடியாமல் நின்றவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

சான்றிதழ் சேர்ப்பதே வேலையாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஓர் ஆசிரியரிடம் பதினேழு இருந்தது. எந்தப் பாடத்தில் எதை மாற்றினீர்கள் என்று கேட்டோம். சிரித்துவிட்டு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

பாடசாலைக்குள்ளேயே செய்ய முடியாதா?

முடியும், அதுதான் மலிவும்கூட. பாடசாலை மட்ட வாண்மை விருத்திக்கு அதிபர் நேரம் ஒதுக்கலாம். அதில் வெளியிலிருந்து ஆள் அழைத்து விரிவுரை வைப்பதைவிட, ஒருவர் தான் மாற்றிய ஒரு பாடத்தை இருபது நிமிடம் காட்டுவது மேல். சரிவராமல் போன பாடமாக இருந்தால் இன்னும் நல்லது, மற்றவர்களுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும். பகுதித் தலைவர் குறை பிடிக்கும் ஆளாக இருந்தால் முதல் இரண்டு அமர்வை அவர் இல்லாத நாளில் வையுங்கள்.

ஒப்படைக்காகப் பிள்ளைகளின் படங்களையும் வீடியோவையும் ஏற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பெற்றோரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிள்ளையின் முகம் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. கொப்பியை, பலகையை, கைகளை மட்டும் எடுத்தாலே ஒப்படைக்குப் போதும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் புள்ளிப் பட்டியலைப் பெயரோடு போடுவதையும் இதோடு நிறுத்திவிடலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பாடத்திட்டம் எழுதலாமா?

வரைவுக்கு எடுக்கலாம். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு எங்கள் கூட்டத்திலும் எல்லோரும் முயன்று பார்த்தோம். ஆங்கிலத்தில் கேட்டால் ஒழுங்காக வரும். தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஆர்முடுகல் இருக்க வேண்டிய இடத்தில் முடுக்கம் உட்கார்ந்திருக்கும், நம் கலைத்திட்டத்தில் இல்லாத பாட அலகும் நுழைந்திருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎப்பாக இலவசமாக இருக்கின்றன. பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் சரிபாருங்கள். அந்தச் சரிபார்ப்பில் மிச்சப்பட்ட நேரம் முழுதும் போய்விடுகிறது என்றால், நீங்களே எழுதிவிடுங்கள்.

வயது ஐம்பத்தைந்து. இனிப் படித்து என்ன?

எங்கள் கூட்டத்தில் மிக நல்ல குரல் பதிவுகள் போடுபவருக்கு ஐம்பத்தெட்டு. போனைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியைப் பேரப்பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பதியும்போது முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கிறது. எதை எதில் போடுவது?

அடையாள அட்டையிலும் நியமனக் கடிதத்திலும் இருக்கும் பெயர் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் கோப்பில் வைக்கும்போது பிரச்சினை. பிறகு மாற்றுவதும் இலேசான காரியம் இல்லை. நம் முதலெழுத்து அப்பாவின் பெயர். அதை விரித்து முதற்பெயர்ப் பெட்டியில் போட்டால் தளம் உங்களை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடும். உங்கள் பெயரை முதற்பெயராகவும் அப்பாவின் பெயரைக் கடைசிப்பெயராகவும் போட்டு, சான்றிதழ் எப்படி அச்சாகும் என்று முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள்.

என் முதல் சான்றிதழில் அப்பாவின் பெயர்தான் பெரிதாக வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி, கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டிவிட்டார்.